மூன்று மாடிப் பெண்கள் விடுதி: தீ அபாய ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

பீளமேடு_விடுதி:
வணக்கம். கோவையில் தரைத்தளமும் மேலே மூன்று மாடியும் கொண்ட பெண்கள் விடுதி. 54 பேர் தங்குகிறார்கள். படிக்கட்டு நடுவில் ஒன்றுதான். கீழே சமையலறை, 19 கிலோ சிலிண்டர் ஆறு. படிக்கட்டுக்கு அடியில் இன்வெர்ட்டர். மின் ஸ்கூட்டர் இரண்டும் அங்கேதான் சார்ஜ் ஆகும். வாசல் கிரில் கேட்டையும் மொட்டை மாடிக் கதவையும் இரவு பத்துக்குப் பூட்டிவிடுவோம். தீயணைப்பான் எட்டு மாட்டியாச்சு. முறையாக ஆய்வு செய்து எழுதிவைக்க என்ன செய்ய வேண்டும்?

மஞ்சள்_ஹெல்மெட்:
தீயணைப்பானைக் கடைசியில் பார்ப்போம். இரவு இரண்டு மணிக்கு மூன்றாம் மாடிக் கடைசி அறையில் தூங்கும் பெண் எந்த வழியாகத் தெருவுக்கு வருவாள்? ஆய்வு அந்தக் கட்டிலில் தொடங்க வேண்டும். மாடிக்கு ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். கட்டிலிலிருந்து படிக்கட்டு வரை டேப் பிடித்து அளவிடுங்கள். தங்கும் கட்டடங்களுக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது 30 மீட்டருக்குள்.

உங்கள் இடத்தில் தூரத்தைவிடப் பெரிய சிக்கல் புகை. ஒரே படிக்கட்டு என்றால், கீழே தீப்பிடித்ததும் அதுவே புகைபோக்கி. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழ்த்தளத்து மின் ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை, மேலிருந்த லாட்ஜுக்குள் ஏறி 8 உயிர்களை வாங்கியது. ஸ்கூட்டரையும் இன்வெர்ட்டரையும் இன்றைக்கே வெளியேற்றுங்கள். ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கிரில் கேட்டில் தொங்குபூட்டு கூடவே கூடாது. உள்ளிருந்து சாவியில்லாமல் திருகித் திறக்கும் பூட்டு போடுங்கள். வெளியாள் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவர் வெளியே வரலாம். மாடிக்கொரு ஜன்னல் கிரில்லைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். சமையலறைக்குத் தானாக மூடும் தீத்தடுப்புக் கதவு வேண்டும். வெயிலுக்கு அதைச் செங்கல் வைத்துத் திறந்துவைப்பார்கள், கவனியுங்கள்.

அலாரத்தைச் சோதிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக் கேளுங்கள். வராந்தாவில் காதைப் பிளக்கும் மணி பல அறைகளில் கேட்பதே இல்லை.

வயர்_வேலை:
மின்சாரப் பக்கம். அறைக்கு அறை எக்ஸ்டென்ஷன் போர்டு இருக்கும். 6 ஆம்பியர் போர்டு தாங்குவது 230 × 6 = 1380 வாட். 1500 வாட் கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும், கூடவே அயர்ன் பாக்ஸ் வேறு. மாடிக்கொரு இடத்தில் 16 ஆம்பியர் பாயிண்ட் தனி வயரில் கொடுத்து, அயர்ன் பாக்ஸையும் கெட்டிலையும் அங்கேயே வைத்துவிடுங்கள்.

டிபி பெட்டியை (மின்சாரம் பிரிந்து போகும் பெட்டி) திறந்து, ஒவ்வொரு எம்சிபியையும் (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) அதன் வயரோடு ஒப்பிடுங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று 16 ஆம்பியரைக் கழற்றி 32 போட்டிருப்பார்கள், வயர் என்னவோ பழைய 2.5 சதுர மி.மீ.தான், அவ்வளவு கரண்டைத் தாங்காது. லூஸ் கனெக்‌ஷனை எம்சிபி கண்டுபிடிக்காது. கரண்ட் அளவுக்குள்ளேயே இருக்கும், இணைப்பு மட்டும் கொதிக்கும். சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், உருகின பிளாஸ்டிக் வாடை, இவைதான் அடையாளம். ஃப்ரிட்ஜை விட்டுவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையம் பெண்கள் விடுதியில் ஃப்ரிட்ஜ் வெடித்துத்தான் உயிர்கள் போயின.

பீளமேடு_விடுதி:
நன்றி அண்ணா. சிலிண்டர் ஆறு வைக்கலாமா? தீயணைப்பான் எட்டுமே 6 கிலோ ஏபிசி பவுடர்.

மஞ்சள்_ஹெல்மெட்:
ஆறு 114 கிலோ. உரிமமின்றி வைக்கக்கூடியது 100 கிலோ; ஐந்தோடு நிறுத்துங்கள். கட்டடத்துக்கு வெளியே, நிமிர்த்தி, கம்பிக் கூண்டில். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து சாக்கடை மூடிக்குள் இறங்கும். அதனால் வாயுக் கசிவைக் கண்டறியும் கருவியைத் தரையருகே பொருத்த வேண்டும். மேலே மாட்டினால் பயனில்லை.

பவுடர் அணைத்த எண்ணெய்ச் சட்டி சூடு ஆறாமல் மறுபடி பற்றும். சமையலறை வாசலில் சமையல் எண்ணெய்த் தீக்கான 'கே' வகைத் தீயணைப்பான் ஒன்று வையுங்கள், அடுப்புக்கு மேலே வேண்டாம். மற்ற தீயணைப்பான்கள், எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒன்று இருக்கிற மாதிரி.

பதிவேட்டுக்கு ஆறு கட்டம்: இடம், எது பற்றும், யாருக்கு ஆபத்து, இப்போது என்ன இருக்கிறது, என்ன செய்யணும், யார் எந்தத் தேதிக்குள். கடைசிக் கட்டத்தில் 'நிர்வாகம்' என்று எழுதினால் வேலை நடக்காது, ஆள் பெயரே வேண்டும். முதல் வரி கிரில் கேட், இரண்டாவது படிக்கட்டு அடி. இரண்டும் முடிந்ததும் ஒருநாள் இரவு விளக்கை அணைத்து ஒத்திகை வையுங்கள். கடைசிப் பெண் தெருவுக்கு வந்த நேரத்தையும் தலை எண்ணிக்கையையும் அதே தாளில் எழுதுங்கள்.