பழைய ஜப்பான் குரூசர் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர்: மனத்தை விட்டு நீங்காத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

விராகோக்காரர்:

என்னுடையது 1982 யமஹா விராகோ 750. அதன் ஸ்டார்ட்டர் தொல்லை (என்ஜினைச் சுழற்றிவிடும் பல்சக்கரம் ஃப்ளைவீல் பல்லில் சரியாகக் கோக்காதது) இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்ரோல் நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். பல்லோடு பல் சேராமல் உரசும் அந்தச் சத்தம். மறுபடி அழுத்தினேன், மறுபடியும் அதே. பக்கத்தில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், குழாயை அப்படியே போட்டுவிட்டு வந்தார். "தம்பி, கையை எடு. ஃப்ளைவீல் பல்லைத் தின்றுவிடும்" என்றார்.

கேள்வி எதுவும் கேட்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இடது பக்க மூடியின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தார். நரம்பு புடைத்த கை, நகக்கண் முழுக்கக் கருப்பு. "கியரில் போடு. கிளட்சைப் பிடிக்காதே. பின்னால் ஒரு விரற்கடை தள்ளு." தள்ளினேன். "நியூட்ரல். இப்போது அழுத்து." பல் பிடித்த நொடியில், எனக்குச் சத்தம் உறைப்பதற்கு முன்பே அவர் தலையசைத்துவிட்டார். கை வழியாகவே தெரிந்திருக்கிறது. என்ஜின் உயிர் பெற்றது.

"உள்ளே இருக்கும் கிளிப் தளர்ந்திருக்கிறது, மாற்றிவிடு" என்றார். உங்களிடமும் இதே வண்டி இருந்ததா ஐயா என்று கேட்டேன். "இதேதான். எண்பத்தொன்று." எப்போது விற்றீர்கள் என்றேன். "நான் விற்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்க் குழாயை எடுத்துக்கொண்டார்.

அதற்குமேல் கேட்பது முறையாகப் படவில்லை. ஆனால் விற்கவில்லை என்றால் அந்த வண்டி என்ன ஆயிற்று? ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் இந்தக் கேள்விதான் வருகிறது.

ஷேடோ 500:

என்னை உறுத்துவது வேறு மாதிரி ஆள். வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒருவர் வந்து தன் சாவியின் நுனியால் என் டேங்க்கை டொக் டொக் என்று தட்டினார். "ஹார்லியின் நகல்தானே?" என்றார். தட்டிய இடத்தில் பெயிண்ட் போகவில்லை. அந்த டொக் டொக் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். தோற்றத்தில் அமெரிக்க ஹார்லி-டேவிட்சனின் சாயல் உண்டு, யார் மறுத்தார்கள்? என் ஹோண்டா ஷேடோவின் உள்ளே பாருங்கள். 52 டிகிரி வி-ட்வின், அதாவது வி வடிவில் அமைந்த இரண்டு சிலிண்டர். பிஸ்டனைத் தாங்கும் இரண்டு கனெக்டிங் ராடுகளுக்கும் கிராங்க் என்ற சுழல்தண்டில் தனித்தனி பின், 76 டிகிரி தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தத் தள்ளல்தான் முதன்மை அதிர்வைச் சமன் செய்கிறது. சிலிண்டருக்கு மூன்று வால்வு, இரண்டு பிளக், தண்ணீரால் குளிரும் என்ஜின், பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதில் சாஃப்ட். இதில் எது நகல்?

இன்னொன்று. 1983 ஏப்ரலில் அமெரிக்க அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்களுக்கு, ஏற்கெனவே இருந்த வரியோடு முதல் ஆண்டில் 45 சதவீதம் கூடுதல் வரி விதித்தது. கேட்டு வாங்கியது ஹார்லி நிறுவனம். அந்த வரியிலிருந்து தப்பத்தான் 750 ஷேடோவும் 750 விராகோவும் அங்கே 700 ஆகச் சுருங்கின. 1987இல் இனி வரி வேண்டாம் என்று ஹார்லியே சொன்னது. வெறும் நகலுக்குப் பயந்து யாராவது இவ்வளவு உயரமாக வேலி கட்டுவார்களா? விராகோ நண்பரே, உங்கள் பெரியவரைப் போல் ஒருவர் என்னிடம் வந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருக்கிறது.

வல்கன் 750:

நகலா இல்லையா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. ஷேடோ நண்பர் கோபப்பட வேண்டாம். ஓடுகிற வண்டிக்குச் சான்றிதழ் எதற்கு?

என் சந்திப்பு ஒரு லாரி ஓட்டுநருடன். முகத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இரவு, மழை, இரு பக்கமும் வீடே இல்லாத சாலை. ஓடும்போது மின்சாரம் தரும் கம்பிச்சுருளான ஸ்டேட்டர் போய்விட்டது. கவாசாகி வல்கன் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும்: அதை மாற்ற என்ஜினையே வண்டியின் சட்டகத்திலிருந்து இறக்க வேண்டும். முதலில் மீட்டர் விளக்கு மங்கியது, பிறகு முன்விளக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, சாலையில் விழுவதே நின்றது. மிச்சமிருக்கும் பேட்டரி பிளக்குக்காவது போகட்டும் என்று முன்விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கினேன்.

பின்னால் லாரி வந்தது. முந்திப் போகும் என்று ஓரம் ஒதுங்கினேன். போகவில்லை. வேகத்தைக் குறைத்து, எனக்குச் சற்று வலப்பக்கமாக வண்டியை நகர்த்தி, தன் விளக்கு என் முன்சக்கரத்துக்கு முன்னால் விழும்படி நிதானமாக வந்தார். என் நிழலும் வண்டியின் நிழலும் இடப்பக்கம் நீண்டு கூடவே ஓடின. வளைவு வந்தால் முன்கூட்டியே ஒரு ஹாரன். நான் திணறினால் அவரும் நின்றார். விளக்குள்ள ஒரு சாலைச் சந்திப்பு வந்ததும் நான் இறங்கித் திரும்புவதற்குள் ஹாரன் அடித்துவிட்டுக் கடந்து போய்விட்டார்.

நன்றி என்ற ஒரு சொல்லைச் சொல்ல விடவில்லை அந்த மனிதர். அதுதான் தாங்கவில்லை.

திருப்புளி:

விராகோ நண்பர் கவனிக்க. பெரியவர் செய்தது அவசரத்துக்குச் சரி, ஆனால் வைத்தியம் அது அல்ல. கிராங்க் சற்று நகர்ந்து வேறு பல் எதிரே வந்தது, அவ்வளவே. ஸ்டார்ட்டர் கியரில் இருக்கும் கிளிப் போதிய இழுவை தராவிட்டால் கியர் வெளியே நகராமல் அங்கேயே சுற்றும். உரசல் அங்கிருந்துதான் வருகிறது. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இதே தொல்லை கூடும். முதலில் பேட்டரியையும் தடித்த கம்பிகளையும் அவற்றின் எர்த் இணைப்பையும் பாருங்கள். பிறகுதான் மூடியைக் கழற்ற வேண்டும்.

மூடியைக் கழற்றும்போது சாதாரண நட்சத்திரத் திருப்புளியை வைக்காதீர்கள். இந்த வண்டிகளின் ஸ்க்ரூக்கள் ஜப்பானியத் தர அளவில் வெட்டியவை. பல தலைகளில் ஒரு சிறு புள்ளி தெரியும். மற்ற திருப்புளி அதில் முழுதாக உட்காராது. அழுத்தம் கொடுத்தவுடன் மேலே ஏறித் தலையைச் சிதைத்துவிடும். அதற்கென்றே உள்ள திருப்புளியை வாங்குங்கள். பிடிவாதமான ஸ்க்ரூவுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் வகை.

கார்புரேட்டரை இறக்கினால் ரப்பர் டயஃப்ரம்களை விளக்குக்கு நேரே நீட்டிப் பாருங்கள், ஊசித் துளை இருந்தால் ஒளி காட்டிக்கொடுக்கும். கிளீனர் ஸ்ப்ரே ரப்பரில் படக் கூடாது, உப்பிவிடும். வண்டியை நெடுநாள் நிறுத்தினால் கிண்ணங்களில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். முதலில் அடைபடுவது பெட்ரோல் போகும் நுண்துளையான பைலட் ஜெட்தான்.

டயர் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிவிடும், மழையில் பிடிக்காது. பின்சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் சாஃப்டின் ஸ்ப்ளைன் பற்களில் மாலிப்டினம் கலந்த கிரீஸ் பூசுங்கள். காய்ந்த ஸ்ப்ளைன் சத்தமில்லாமல் தேய்ந்துபோகும். பிரேக் ஹோஸ் முதலில் வந்ததே என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். உள்ளே வீங்கினால் லீவரை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடி நிற்கும்.

என் சந்திப்பா? ஒரு பழைய சுசுகி இன்ட்ரூடர் 1400 வாங்கப் போனேன். விற்றவர் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் கிளம்பும்வரை வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை.

மேக்னா வீட்டுக்காரி:

திருப்புளி ஐயா, அறிவுரை எல்லாம் சரி. ஆனால் விராகோ நண்பர் கேட்டது கிளிப்பைப் பற்றி அல்லவே. "நான் விற்கவில்லை" என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும் என நினைக்கிறேன். அவர் விற்காத வண்டியை வீட்டில் வேறு யாராவது விற்றிருப்பார்கள்.

என் கணவர் போன பிறகு அவருடைய 1983 ஹோண்டா மேக்னா 750 ஷெட்டில் நின்றது. ஒருவர் வந்தார். சுற்றிப் பார்த்தார், பூட்ஸ் நுனியால் ஸ்டாண்டை உதைத்தார். "நாள்பட்ட வண்டி அம்மா. இந்த வி-4 என்ஜினில் கேம் எல்லாம் அரித்துப் போயிருக்கும். எடைக்குப் போட்டால்தான் காசு. எடுத்துக்கொண்டு போகிறேன், இடமாவது காலியாகும்" என்றார். என் மைத்துனர் சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

தொடக்க கால மேக்னாவில் வால்வுகளைத் திறக்கும் கேம் தேய்வது உண்மைதான். அதனால்தான் என் கணவர் வால்வு இடைவெளியைத் தவறாமல் பார்ப்பார், ஒவ்வொரு அளவையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜைப் பிடித்துக்கொண்டு அவர் எண்களைச் சொல்ல, எழுதியது நான்தான். பதினாறு வால்வு, பதினாறு எண். நான் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து அந்த ஆள் முன்னால் விரித்தேன். பிறகு சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். அவர் பக்கம் புரட்டுவதை நிறுத்திவிட்டு என்ஜினைப் பார்த்தார். "என்ன விலை சொல்கிறீர்கள்?" என்று குரல் மாறிக் கேட்டார்.

விற்பதற்கு இல்லை என்றேன். இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஆனால் அந்த முதல் வாக்கியம், எடைக்குப் போட்டால்தான் காசு என்றது, இன்றும் கசக்கிறது. அன்று நான் வெளியே போயிருந்தால் மைத்துனர் கொடுத்தனுப்பியிருப்பார்.

விராகோக்காரர்:

அம்மா, நீங்கள் சொன்ன கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. இராணுவத்திலோ வெளிநாட்டிலோ இருந்தபோது வீட்டார் கொடுத்திருக்கலாம். அல்லது திருட்டுப் போயிருக்கலாம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காற்றுக் குழாய் இருக்குமிடத்தைப் பார்க்கிறேன். அவர் கண்ணில் படவில்லை.

திருப்புளி ஐயாவுக்கு: கிளிப்பை மாற்றிவிட்டேன், எர்த் கம்பியையும் சுரண்டித் துடைத்தேன்.

ஷேடோ 500:

வல்கன் நண்பரே, ஸ்டேட்டர் கெடுவதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி தெரிந்ததா? என் வண்டியிலும் ஸ்டேட்டரிலிருந்து மூன்று மஞ்சள் கம்பிகள், வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குப் போகின்றன.

வல்கன் 750:

தெரிந்திருக்கும், பார்க்கும் வழக்கம்தான் நம்மில் பலருக்கு இல்லை. என்ஜினைச் சற்று வேகப்படுத்தி, பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 13ஐத் தாண்டவே முடியாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். அந்த மூன்று மஞ்சள் கம்பிகளின் பிளாஸ்டிக் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். சூடேறி உருகுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பிறகு இணைப்பைக் கழற்றிய நிலையிலேயே என்ஜினை ஓடவிட்டு, ஸ்டேட்டர் பக்கத்து மஞ்சள் கம்பிகளை இரண்டிரண்டாக மீட்டரின் ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட் அளவில் அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, எந்தக் கம்பிக்கும் எர்த்தோடு தொடர்பு இல்லை என்பதையும் சோதியுங்கள்.

ஷேடோ 500:

பார்த்தேன். வோல்ட் சரியாக வருகிறது. ஆனால் மூன்றில் நடு முனை கருத்து, பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருக்கிறது. இணைப்பை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பிகளை நேரடியாகப் பற்றவைத்துவிடப் போகிறேன். அதற்கு முன் இரவுப் பயணம் இல்லை.