மறுமொழி: நியூக்ளியோசோம் – ‘கருக்கண்டு’ வேண்டாம், ‘இழைக்கண்டு’ ஆகட்டும்

அன்புள்ள ஐயா, நண்பர்களே, வணக்கம்.

செல்லின் உட்கருவில் டி.என்.ஏ இழை புரதங்கள்மேல் சுற்றியிருக்கும் அலகுதான் நியூக்ளியோசோம். அதற்குத் தமிழ்ச் சொல்லாகப் போன வாரம் நான் முன்வைத்த ‘கருக்கண்டு’ என்பதை நானே திரும்பப் பெறுகிறேன்.

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) பற்றிப் பேசப் போயிருந்தேன். கூடலூர், பந்தலூர் வட்டாரப் பழங்குடிக் குடும்பங்களில் இந்த நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். “பிறந்தப்போ நல்லாத்தானே இருந்தான், ஆறு மாசம் கழிச்சு எப்படி வந்துச்சு?” என்று ஒரு அம்மா கேட்டார். சரியான கேள்வி. வயிற்றில் இருக்கும்போது பிள்ளையின் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் காமா குளோபின் சேர்ந்த ஹீமோகுளோபின். காமா, பீட்டா இரண்டும் ஹீமோகுளோபினில் சேரும் புரத வகைகள், ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு. பிழையோ பீட்டா குளோபின் மரபணுவில். பிறந்து சில மாதங்களில் காமா அடங்கி, பீட்டா அதன் இடத்துக்கு வருகிறது. நோயும் அப்போதுதான் வெளியே தெரிகிறது. மரபணு எப்படி அடங்கும் என்று சொல்ல வந்து ‘கருக்கண்டு’ என்றேன். அவர் வயிற்றைத் தொட்டுக்கொண்டு, “கருவில வர்ற கட்டியா?” என்றார். உட்கருவை நினைத்து நான் வைத்த ‘கரு’ அவருக்குக் கர்ப்பம். ஒரு தாயைப் பயமுறுத்தும் சொல் நமக்கு வேண்டாம்.

இனி, என் சொல்லுக்கு மாற்றாக ஐயா எழுதியவற்றுக்கு வருகிறேன்.

> நூலில் கோத்த மணிபோல் இருப்பதால் ‘உட்கருமணி’ போதுமே.

1974இல் ஒலின்ஸ் என்ற அறிவியலாளர் தம்பதியர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது அப்படித்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மணி என்றால் நூல் அதன் துளைக்குள் போகும். இங்கே நூல் வெளியே சுற்றுகிறது. உள்ளே இருப்பது எட்டு ஹிஸ்டோன் புரதங்கள்: எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு வகைகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு. அவற்றின்மேல் டி.என்.ஏ ஏறத்தாழ 147 கார இணைகள் (டி.என்.ஏ ஏணியின் படிகள்) நீளத்துக்கு, ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, சுற்றியிருக்கிறது. 1997இல் வெளிவந்த படிக அமைப்பு (படிகமாக்கி எக்ஸ் கதிரால் கண்டறிந்த வடிவம்) இதை அணு அணுவாகக் காட்டியது. அதில் ஹிஸ்டோன்கள் தவளையுடையவை, டி.என்.ஏ மனித வரிசையிலிருந்து எடுத்தது. மனித ஹிஸ்டோன்களைக் கொண்ட அமைப்பு பிறகு வந்தது, அடிப்படை வடிவம் அதேதான். நூல் வெளியே இருப்பதால்தான் அதை அவிழ்க்கவும் நகர்த்தவும் முடிகிறது. ‘மணி’ அந்த உண்மையையே மறைத்துவிடுகிறது.

> சுற்று இடப்பக்கமானது, எனவே ‘இடம்புரியம்’ என்றால் அழகாக இருக்கும்.

அழகுதான் ஐயா, எனக்கும் ஆசையாக இருந்தது. டி.என்.ஏ தன்னளவில் வலக்கைச் சுருள், ஹிஸ்டோன்மேல் சுற்றுவது இடக்கைச் சுற்று. ஆனால் நம் வலம்புரிச் சங்கை உயிரியலார் இடச்சுருள் என்றே வகைப்படுத்துகிறார்கள். சங்கைப் பிடித்துக்கொண்டு படிக்கும் மாணவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

அதனால்தான் ‘கண்டு’ என்பதை விட மனமில்லை. நூல்கண்டு தையல் கடையிலும் பட்டம் விடும் பிள்ளைகளிடமும் புழங்கும் சொல். நூல் வெளியே, கட்டை உள்ளே, நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழும். இந்த நுனி விஷயம் வெறும் உவமையும் இல்லை, டி.என்.ஏவின் இரு முனைகளும் தாமாகவே அவ்வப்போது விலகி மீண்டும் ஒட்டுகின்றன. ஆகவே ‘இழைக்கண்டு’. ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கண்டு என்பது மிகை என்று சிலர் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே இழை அடுத்த கட்டைக்கும் அதற்கடுத்த கட்டைக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு செல்லின் இரண்டு மீட்டர் டி.என்.ஏ உட்கருவுக்குள் அடங்குவதில் முதல் படி இதுதான்.

குடும்பச் சொற்களும் தடையின்றி வருகின்றன. இரண்டு கண்டுகளுக்கு நடுவே இருப்பது ‘இடையிழை’. படியெடுத்தல் (மரபணுவை ஆர்.என்.ஏவாக நகலெடுப்பது) நடக்கும் மரபணுவின் தொடக்கத்தில் கண்டு விலகிய இடம் ‘கண்டில் பகுதி’. கண்டைத் தள்ளும் நொதிகள் ‘கண்டுநகர்த்திகள்’. ஹிஸ்டோனை ஹிஸ்டோன் என்றே விடலாம், அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ‘வால்’.

வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் நேர்மின் ஏற்றம் கொண்டது, டி.என்.ஏவின் எதிர்மின்னைப் பிடித்து வைக்கும். அதில் அசெட்டைல் என்ற சிறு வேதிக்கூறு ஒட்டினால் அந்த ஏற்றம் போய்ப் பிடி தளரும், படியெடுக்கும் நொதிக்கு வழி கிடைக்கும். காமா மரபணு அடங்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு: பி.சி.எல்.11ஏ என்ற புரதம் அதன் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்து, அசெட்டைலை நீக்கும், கண்டை நகர்த்தும் நொதிக் கூட்டத்தை அழைத்து வருகிறது. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை, ரத்தச் செல்களில் அந்தப் புரதத்தைக் குறைத்துக் காமாவை மறுபடி எழுப்புகிறது. இதை அந்த அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்: “பிள்ளை வளர்ந்ததும் பழைய நூலைக் கண்டோடு இறுக்கிக் கட்டி வெச்சிடுது. நூல் எங்கயும் போகலை.”

இந்தச் சொற்கள் வரும் துண்டறிக்கை இந்த மாதம் அச்சுக்குப் போகிறது. ‘கண்டில் பகுதி’ என்பது ‘கண்டில்’ என்று ஏதோ ஒரு பொருளின் பெயர்போல ஒலிக்கிறதோ என்று எனக்கே தயக்கம். ‘கண்டிலா வெளி’ தேவலையா? அப்புறம், அங்குள்ள பணியர் பழங்குடியினரின் மொழியில் நூல்கண்டுக்கு என்ன சொல் என்று கூடலூர் நண்பர்கள் கேட்டு எழுதினால், அதையும் அறிக்கையில் பக்கத்திலேயே போட்டுவிடுவேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து