மலாயா அவசரகாலம்: 1948-ல் திணறிய ராணுவம் எதைக் கற்றுக்கொண்டது?

நூலகத்து_மாணவி (திருச்சி):

வணக்கம். முதுகலை வரலாறு படிக்கிறேன். கருத்தரங்குக்கு மலாயா அவசரகாலத்தை (1948–1960) எடுத்திருக்கிறேன். இன்றைய தீபகற்ப மலேசியாவில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகள் நடத்திய காட்டுப்போரின் காலம் அது. படித்தவரை கதை ஒரே மாதிரிதான் வருகிறது. முதல் மூன்று வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களிடம் திணறியது, 1952-ல் பிரிட்டிஷ் உயர் ஆணையராக ஜெரால்ட் டெம்ப்ளர் வந்தார், நிலைமை மாறியது. ஒரு மனிதர் வந்து இறங்கியதும் ஒரு ராணுவமே பாடம் படித்துவிடுமா? நம்பமுடியவில்லை. அந்த மண்ணில் வாழ்ந்த குடும்பத்தினர் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்களேன்.

முன்னாள்_ஹவில்தார் (வேலூர்):

மலாயா எனக்கு நேரடியாகத் தெரியாதும்மா. ஆனால் எண்பதுகளில் மிசோரமில் வைரங்டே காட்டுப்போர்ப் பள்ளியில் பயிற்சி எடுத்தவன். முதல் வாரமே சோப்பையும் தலை எண்ணெயையும் பிடுங்கி வைத்துவிட்டார்கள். பீடி கூடாது. காட்டில் இருப்பவனுக்கு அந்த வாசனை வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும் என்றார்கள். நம்பாமல்தான் இருந்தேன். மூன்று வாரம் உள்ளே கிடந்த பிறகு, எதிரே வந்த வேறொரு அணியின் சோப்பு வாசனை எனக்கே அடித்தது.

பெரிய படையாகப் போனால் காலி குடிசைதான் கிடைக்கும். ஏழெட்டுப் பேராகப் போக வேண்டும், தடத்தின் ஓரம் படுக்க வேண்டும், அட்டை கடித்தாலும் கையை அசைக்கக்கூடாது. எங்கள் பயிற்றுநர்கள் இதையெல்லாம் சொல்லும்போது மலாயாவைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

இன்னொன்று. அதே மிசோரமில் 1967-லிருந்து மக்களை ஊர் ஊராகக் கிளப்பிச் சாலையோரம் கூட்டிவைத்தார்கள். நான் போனபோது பெரியவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். அதையும் உங்கள் கட்டுரையில் பாருங்கள்.

சிப்புட்_வாத்தியார் (பேராக்):

மகளே, நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவசரகாலம் இங்கேதான் ஆரம்பித்தது. 1948 ஜூன் 16 காலையில் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம். அதைப் போர் என்று சொல்லாததற்கு ஒரு காரணம் காப்பீடு. போர் என்று அறிவித்தால் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் ஏற்படும் நஷ்டத்தை லண்டன் காப்பீட்டுக்காரர்கள் ஏற்கமாட்டார்கள்.

முதலில் ராணுவம் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. லாரி லாரியாக இறங்கி, வரிசையாகக் காட்டைச் சல்லடை போட்டது. உள்ளே இருந்தவர்களில் பலர் ஜப்பான்காரன் காலத்தில் அதே காட்டில் மூன்று வருஷத்துக்கு மேல் போராடியவர்கள். அன்றைக்கு அவர்களுக்கு ஆயுதம் இறக்கிக் கொடுத்ததே பிரிட்டிஷ் படைதான். தலைவர் சின் பெங்குக்குப் பட்டமே கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் லாரிச் சத்தம் கேட்டபின் அங்கேயே உட்கார்ந்திருப்பார்களா? படைக்குக் கிடைத்தது சூடு ஆறாத அடுப்புச் சாம்பல்தான். அந்த ஆத்திரம் ஊர்க்காரர்கள் மேல் திரும்பியது. 1948 டிசம்பர் 12-ல் பத்தாங் காலியில் ஆயுதம் இல்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இதை விட்டுவிட்டுக் கட்டுரை எழுதாதீர்கள்.

ஹவில்தார் ஐயா சொன்ன சிறு அணி, பதுங்கல் எல்லாம் கீழே இருந்தவர்கள் பட்டுப் பட்டுக் கற்றது. போர்னியோத் தீவின் சரவாக்கிலிருந்து இபான் பழங்குடிக்காரர்களைக் கூட்டிவந்து, மடங்கிய இலையைப் பார்த்துத் தடம் சொல்லக் கேட்டார்கள். புதிதாக வரும் படைகளுக்கு ஜொகூரில் காட்டுப்போர்ப் பயிற்சி நடந்தது. ஆனால் ஒரு பட்டாளம் கற்றது அடுத்த பட்டாளத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஊர் திரும்பும்போது பாடமும் கூடவே கப்பல் ஏறிவிடும். இங்கேதான் டெம்ப்ளருக்கு உரிய பங்கு. பயிற்சி நடத்தியிருந்த வால்டர் வாக்கரிடம் சொல்லி, 1952-ல் எல்லாவற்றையும் ஒரே கையேடாக எழுத வைத்தார். கால்சட்டைப் பையில் கொள்ளும் புத்தகம். எல்லாப் படைக்கும் ஒரே முறை.

ஆனாலும் என் எண்ணத்தில் பெரிய பாடம் அதற்கும் முன்பே ஆரம்பித்தது. 1950-ல் வந்த ஹெரால்ட் பிரிக்ஸ், ஓய்விலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட தளபதி. கெரில்லா எங்கே இருக்கிறான் என்று தேடுவதை விட்டுவிட்டு, அவன் எதைச் சாப்பிடுகிறான் என்று பார்த்தவர். அடர்காட்டில் அரிசி கிடைக்காது. காட்டோரம் பட்டா இல்லாமல் காய்கறி போட்டுப் பிழைத்த சீனக் குடும்பங்களிடமிருந்துதான் அரிசி, மருந்து, செய்தி எல்லாம் உள்ளே போனது. சிலர் மனமாரக் கொடுத்தார்கள், சிலர் பயந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய 5 லட்சம் பேரை அங்கிருந்து கிளப்பி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் வைத்தார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் போலீஸ், ராணுவம், நிர்வாகம் மூன்றும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று குழு அமைத்ததும் பிரிக்ஸ்தான். அதற்கு முன்னால் மூன்று பேரும் மூன்று வழியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

தோட்டத் தமிழர்களும் வேலிக்குள் வந்தார்கள். சிதறிக் கிடந்த லயன்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒன்றாகச் சேர்த்துக் கம்பி கட்டினார்கள். எங்கள் அம்மாவுக்கு அப்போது 17 வயது, ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால் வெட்டுக்காரி. அவர் சொன்னதைத் தருகிறேன்.

ஊரடங்கு எடுக்கும்வரை பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போக முடியாது. பால் மரம் விடியற்காலையில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏறினால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது, சம்பளம் குறையும். வாசலில் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. பால் வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். மதியச் சோறு கொண்டுபோகக் கூடாது; வெறும் காப்பித்தண்ணி, அதுவும் சீனி போடாமல். மரத்தடியில் மயங்கி விழுந்த கர்ப்பிணியை அம்மாவும் இன்னொருத்தியும் தூக்கி வந்திருக்கிறார்கள்.

கடையில் சார்டின் டின் வாங்கினால் தவுக்கே (கடை முதலாளி) ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், பதுக்கிவைக்க முடியாது. அரிசிக்கு அளவு. சில புதுக்கிராமங்களில் தடை கடுமையான மாதங்களில் அரிசியே விற்கவில்லை, பொதுச் சமையலறையில் ஆக்கிய சோறாகத்தான் கொடுத்தார்கள். நம் வெயிலுக்குச் சமைத்த சோறு மறுநாள் தாங்காது அல்லவா? அதுதான் கணக்கு. ஒரு ராணுவம் சோறு ஊசிப்போகும் நேரத்தைக் கணக்கிடும் அளவுக்குக் கற்றுக்கொண்டது. காட்டில் இருந்தவர்கள் உணவு தேடி வெளியே வந்தே ஆகவேண்டிய நிலை. வரும் வழி எது என்று உளவுப்பிரிவுக்குத் தெரியும். அந்த வழியோரம்தான் ஏழெட்டுப் பேர் படுத்திருப்பார்கள்.

அந்தப் பாடத்துக்கான கூலியை அம்மா கொடுத்தார், பயிற்சி எடுத்த சிப்பாய் மட்டும் இல்லை. வாழ்நாள் முழுக்க வீட்டை விட்டு இறங்கும்போது ஏதாவது தின்னக் கையில் எடுத்துக்கொள்வார், பக்கத்து வீட்டுக்குப் போவதாக இருந்தாலும்.

பினாங்கு_வாசகி:

வாத்தியார் அண்ணே, ஒன்றைச் சேர்க்க வேண்டும். மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், துப்பாக்கி வைத்திருந்ததற்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முதல் நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலி உயர்வுக்காக எங்கள் தாத்தாமார் பின்னால் நின்ற தலைவர்கள் இவர்கள். ராணுவம் மெல்ல மெல்லக் கற்றது என்று எழுதும்போது, பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஆட்களை அதற்கு முன்னாலேயே இழந்துவிட்டோம் என்பதையும் மாணவி எழுதட்டும். மக்களின் 'இதயங்களையும் மனங்களையும்' வெல்ல வேண்டும் என்ற டெம்ப்ளரின் பேச்சை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே டெம்ப்ளர்தான் 1952-ல் தஞ்சோங் மாலிமில் நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, ஊர் முழுக்க அரிசி அளவைக் குறைத்தவர்.

நூலகத்து_மாணவி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவின் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். ஒரு கேள்வி ஐயா. இதே முறையை 1962-ல் தென்வியட்நாமில் செய்துபார்த்தார்களே, மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்ப்சனே ஆலோசனை சொல்ல அங்கே இருந்தாரே. ஏன் தோற்றது? அப்புறம், அம்மா சொன்னதைக் கட்டுரையில் சேர்க்கலாமா?

சிப்புட்_வாத்தியார்:

பினாங்கு தங்கச்சி சொன்னது சரி. நான் விட்டிருக்கக்கூடாது.

வியட்நாம் பற்றி நான் புரிந்துகொண்டது இது. இங்கே கிளப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. புதுக்கிராமத்தில், தாமதமாகவும் குறைவாகவும் இருந்தாலும், ஒரு வீட்டு மனையாவது கிடைத்தது. 1952-லிருந்து குடியுரிமைக் கதவு கொஞ்சம் திறந்தது. சுதந்திரம் வரப்போகிறது என்பதும் தெரிந்தது, 1957-ல் வந்தது. வியட்நாம் விவசாயியோ பாட்டன் பூட்டன் புதைந்த வயலை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. அங்கே வேலியை அவசர அவசரமாகப் போட்டார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், யார் அரிசி அனுப்புகிறார்கள் என்று பார்க்க ஆளில்லை. இங்கே கெரில்லாக்களில் பெரும்பாலோர் ஒரே இனத்தவர், வெளியிலிருந்து ஆயுதமும் வரவில்லை. அங்கே வடக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தது. கொரியப் போரால் ரப்பரும் ஈயமும் விலை ஏறியதால் மலாயா அரசின் கையில் பணமும் இருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு வேலியை மட்டும் கப்பலேற்றினால் எப்படி?

ஆனால் எனக்கு மேலும் ஒன்று தோன்றுகிறது, இது என் கருத்துதான். மலாயாவில் தடுமாறியவர்களே தங்கள் தவறைப் பார்த்து மாறினார்கள். வியட்நாமுக்கு முடிவான விடைதான் போய்ச் சேர்ந்தது, அந்தத் தடுமாற்றம் போகவில்லை.

அம்மா 2009-ல் காலமானார். தாராளமாகச் சேருங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் வேண்டாம், அவருடைய தோழிகள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் நன்றாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். கேள்விகளை எழுதி அனுப்புங்கள், கேட்டுப் பதிவு செய்து தருகிறேன். மயங்கி விழுந்த அந்தக் கர்ப்பிணி அவர்தான்.