உதவி தேவை: 22 பிள்ளைகள், ஒரே கூகுள் டொக்ஸ், பாதிக் கடிதத்தைக் காணவில்லை

களுவாஞ்சி டீச்சர்:
அவசரம். தரம் 11 பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதப் பழக்க டொக்ஸில் ஒன்றைத் தொடங்கி லிங்கைக் கொடுத்தேன். எல்லோரும் சேர்ந்து எழுதட்டும் என்றுதான். இப்போது பார்த்தால் பாதி இல்லை. யார் அழித்தது என்று கேட்டால் எல்லோரும் மாமாங்கேஸ்வரர் மேல் சத்தியம் செய்கிறார்கள். நாளைக் காலை வகுப்பு. என்ன செய்யலாம்?

தேன்நாட்டான்:
போனிலா, லப்டொப்பிலா? பிள்ளைகள் ஜிமெயிலில் நுழைந்துதான் எழுதினார்களா?

படுவான்கரைப் பொடியன்:
சிக்னல்தான் டீச்சர். எங்கள் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் மழை இருட்டினாலே லைன் போய்விடும்.

தேன்நாட்டான்:
தம்பி, டீச்சர் இருப்பது வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில்.

வாவிக்கரை:
கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பாருங்கள் என்று எத்தனை தரம் சொல்வது? என்ன அனுமதி கொடுத்தீர்கள் என்றுகூடச் சொல்லாமல் "காணவில்லை" என்றால் நாங்கள் சாத்திரமா பார்க்கிறது? எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள்? ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் என்றால் டொக்ஸ் தாங்காது.

கல்முனைக் காக்கா:
தலைப்பிலேயே 22 என்று இருக்கிறது.
டீச்சர், மேலே பிள்ளைகளின் பெயருக்குப் பதிலாக மிருகப் பெயர் வருகிறதா?

களுவாஞ்சி டீச்சர்:
ஆமாம்! ஏதோ அநாமதேய கப்பிபாராவாம். வைரஸோ என்று பயந்துவிட்டேன். பாதிப் பேர் பாடசாலை லப்டொப், மிச்சப் பேர் அம்மாவின் போன். லிங்க் வட்ஸ்அப்பில் போட்டது.

கல்முனைக் காக்கா:
வைரஸ் இல்லை. லிங்க் உள்ள எவரும் திருத்தலாம் என்று விட்டிருக்கிறீர்கள். கணக்கில் நுழையாமல் வருகிறவருக்குக் கூகுள் மிருகப் பெயர் வைக்கும். லப்டொப்பில் திறந்து, கோப்பு மெனுவில் பதிப்பு வரலாற்றுக்குப் போங்கள். அழிவதற்கு முந்திய நேரத்தைத் தொட்டு மீட்டெடுங்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் எழுதியது ஏதும் இருந்தால் முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கணக்கோடு வந்தவர் அழித்திருந்தால் பெயர் தெரியும், மற்றவர்கள் எல்லோரும் அநாமதேயர் என்று ஒரே கும்பலாகக் கிடப்பார்கள்.

அப்புறம், 22 பேரை ஒரே தாளில் விடாதீர்கள். நாலு பேருக்கு ஒரு டொக் போதும். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் நேரத்தில் அனுமதியைக் "கருத்துரைப்பவர்" என்று மாற்றிவிடுங்கள். அப்போது யோசனை மட்டும்தான் சொல்ல முடியும், திருத்தும் அனுமதி உள்ளவர் ஏற்காமல் ஒரு சொல்லும் அழியாது. பிள்ளைக்கும் தன் பிழை கண்ணில் படும்.

வாவிக்கரை:
பிழைக்குக் கூகுளே கோடு போட்டுத் திருத்தியும் கொடுக்கிறது. இதுதான் எழுதப் பழக்குவதா? தரம் 11 முடிவில் வரும் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சையில் பேனையும் தாளும்தான்.

தேன்நாட்டான்:
அந்தக் கோட்டை அமைப்பில் நிறுத்தலாம். அதுவும் போக, திருத்தித் திருத்தி எழுதப் பழக டொக்ஸ் நல்லது. தாளில் மூன்றாவது தடவை எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளை எழுதும்?

ஓய்வுபெற்ற ஆங்கிலம்:
சிவப்புப் பேனையே வீண். இலக்கணப் பிழையைத் திருத்திக் கொடுப்பதால் எழுத்து முன்னேறாது என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜோன் ட்ரஸ்காட் 1996இலேயே வாதாடினார்.

வாவிக்கரை:
1999இல் இன்னோர் ஆய்வாளர் டேனா பெரிஸ் அதை மறுத்து எழுதியதையும் சொல்லுங்கள் சேர். பாதிக் கதை சொல்லக்கூடாது.

ஓய்வுபெற்ற ஆங்கிலம்:
ட்ரஸ்காட் அதற்கும் பதில் எழுதினாரே. 30 வருடம் சிவப்பால் கோடு போட்டவன் சொல்கிறேன், பிள்ளைகள் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுவார்கள்.

வாவிக்கரை:
அது உங்கள் வகுப்பு.

தேன்நாட்டான்:
டீச்சர், கடிதம் கிடைத்ததா? இங்கே வேறு சண்டை போகிறது.

களுவாஞ்சி டீச்சர்:
கிடைத்தது. காக்காவுக்குக் கோடி நன்றி. அழித்த இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. நேற்றிரவு சோறு தீத்தும்போது சின்னவளிடம் போனைக் கொடுத்திருந்தேன். பிள்ளைகளை வீணாக ஏசிவிட்டேன்.

படுவான்கரைப் பொடியன்:
அப்ப சிக்னல் இல்லையா?