1881 சென்சஸில் மட்டும் ஆளைக் காணோம் (போல்டன், லாங்காஷயர்), உதவி தேவை

போல்டன்மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் இங்கிலாந்துக்காரர், நாங்கள் இருப்பது போல்டனில். மாமியாருக்கு எழுபது தாண்டியதும் தன் முன்னோர் யார் எவர் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது, ஆசை அவருக்கு, தேடுகிற வேலை எனக்கு. அவர் அப்பாவின் தாத்தா வரைக்கும் வந்துவிட்டேன், அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது.

கையில் இருப்பதைச் சொல்கிறேன். 1911 சென்சஸில் வயது 38, பஞ்சாலையில் மியூல் ஸ்பின்னர் (நூல் நூற்கும் இயந்திரத்தை ஓட்டுபவர்), பிறந்த ஊர் போல்டன். 1901ல் வயது 28, அதிலும் போல்டன்தான். 1891ல் வயது 18, சைடு பீசர் வேலை (அறுந்த நூலை முடிந்துவிடும் உதவியாள்), போல்டனிலேயே ஹாலிவெல் பக்கம் ஒரு வீட்டில் சாப்பாட்டோடு வாடகைக்கு இருக்கிறார், அங்கே மட்டும் பிறந்த ஊர் விகன் (பக்கத்தில் இருக்கும் சுரங்க ஊர்) என்று இருக்கிறது. 1895 திருமணச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறது, தொழில் சுரங்கத் தொழிலாளி, காலமானவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். 1881ல் எட்டு வயசுப் பையனாக எங்கேயாவது இருக்க வேண்டுமே, எங்கும் இல்லை. ஃப்ரீபிஎம்டியில் (பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் தேடும் இலவசத் தளம்) போல்டனில் அதே பெயரில் மூன்று பிறப்புகள் இருக்கின்றன, மூன்றுக்கும் சான்றிதழ் வாங்கினால் மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், வீட்டுக்காரர் சொல்வார். எதை வாங்குவது? பெயரை இங்கே போடவில்லை, குடும்பத்தில் விரும்பவில்லை. லாங்காஷயரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பெயர் மட்டும் கொஞ்சம் விசித்திரம், அதுவே ஒரு குடும்பப் பெயர் மாதிரி இருக்கிறது.

பழையஏடு:
ஒன்றும் வாங்காதீர்கள், பொறுங்கள். முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள். 1881 சென்சஸ் எடுத்தது ஏப்ரல் 3 இரவு, 1891 ஏப்ரல் 5, 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2. நீங்கள் சொன்ன வயதுகள் எல்லாமே 1872 ஏப்ரலுக்கும் 1873 ஏப்ரலுக்கும் நடுவில் பிறந்தவர் என்று ஒத்துப்போகின்றன. இப்படி மூன்று சென்சஸிலும் வயது பிசகாமல் வருவது அபூர்வம், அதனால் அதை நம்பலாம். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு, பட்டியல் இருப்பதோ காலாண்டு வாரியாக, அதனால் மார்ச்சில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டுப் பட்டியலில் (ஏப்ரல் முதல் ஜூன் வரை) வரலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, பிறந்த ஊர். 1911ல் குடும்பத் தலைவர் கைப்பட நிரப்பிய தாளே நமக்குக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய சென்சஸ்களில் கணக்கெடுப்பவர் தன் புத்தகத்தில் பெயர்த்து எழுதியதுதான் மிச்சம். அதனால் 1911தான் சரி என்று எல்லோரும் நினைப்பார்கள், நான் இங்கே அப்படி நினைக்கவில்லை. வளர்ந்த ஊரையே பிறந்த ஊர் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ஆனால் 1891ல் அந்த வீட்டுக்காரர் காரணமே இல்லாமல் விகன் என்று ஏன் சொல்லப் போகிறார்? பையன் சொல்லித்தான் சொல்லியிருப்பார். அப்பா சுரங்கத் தொழிலாளி என்பதும் விகனுக்குப் பொருந்துகிறது. போல்டனை விடுங்கள், விகன் பதிவு மாவட்டத்தில் தேடுங்கள்.

தேடுவது ஃப்ரீபிஎம்டியில் வேண்டாம். அது பழைய இண்டெக்ஸைப் பார்த்துத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தது, அருமையான வேலைதான், ஆனால் அந்தப் பழைய இண்டெக்ஸில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஜி.ஆர்.ஓ. (அரசின் தலைமைப் பதிவு அலுவலகம்) 2016ல் புதிதாக ஓர் இண்டெக்ஸ் போட்டது, அதில் 1837 முதலே அம்மாவின் பெயர் இருக்கிறது. கணக்கு ஒன்று திறந்தால் போதும், தேடுவதற்குக் காசு இல்லை. உங்கள் ஆளின் நடுப்பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, அதே பெயர் அம்மா பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். அம்மாவின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால் பெரும்பாலும் பெற்றோர் திருமணம் ஆகாதவர்கள் என்று அர்த்தம். அப்போது கதையே வேறு, அந்த நடுப்பெயர் அப்பாவின் குடும்பப் பெயராகக்கூட இருக்கலாம்.

லெஸ்டர்அக்கா:
அவர் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன் தங்கச்சி. அப்பா காலமானவர் என்கிறாய். எப்போது காலமானார்? பையன் சின்ன வயசிலேயே போயிருந்தால் அம்மா மறுமணம் செய்திருப்பாள். கையில் குழந்தையோடு ஒரு விதவை ஆலைச் சம்பளத்தில் எத்தனை நாள் தள்ளுவாள்? அப்படியானால் 1881ல் பையன் மாற்றாந்தகப்பன் பெயரில்தான் இருப்பான். இங்கிலாந்தில் 1927க்கு முன் சட்டப்படி தத்தெடுப்பு என்பதே கிடையாது, எந்தத் தாளும் இல்லாமல் பிள்ளைகள் பெயர் மாறும், பெரியவனானதும் திரும்பப் பழைய பெயருக்கே வந்துவிடுவான்.

அதனால் குடும்பப் பெயர்ப் பெட்டியைக் காலியாக விடு. முதல் பெயர், பிறந்த வருஷம் ஒன்றிரண்டு முன்னே பின்னே, பிறந்த ஊர் விகன், இப்போது இருக்கும் ஊர் போல்டன், அவ்வளவு போதும். 1881 சென்சஸ் முழுவதும் ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. நிறைய வரும், ஒவ்வொரு வீடாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான், சாயங்காலம் டிவி சீரியல் பார்க்கிற நேரத்தில் செய்யலாம். அதிலும் இல்லையென்றால் வொர்க்ஹவுஸ் (ஏழைகளை வைத்து வேலை வாங்கிய விடுதி), அனாதை இல்லம் மாதிரி இடங்களையும் பார். அங்கே சில இடங்களில் பெயருக்குப் பதில் வெறும் தலைப்பெழுத்து மட்டும் எழுதி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்களை நம்பி இறங்கிவிடாதே. ஒருவர் தப்பாகப் போட்ட அப்பாவை நாற்பது பேர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள், நாற்பது பேர் சொல்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும்.

புதுசுங்க:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 1931 சென்சஸ் வேண்டும், தோழியின் பாட்டி லிவர்பூலில் இருந்தவர். எந்தத் தளத்திலும் கிடைக்கவில்லையே, இனிமேல்தான் வருமா?

எடின்பரோதம்பி:
வரவே வராது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான 1931 சென்சஸ் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற இடத்துக் கிடங்கில் தீப்பிடித்து எரிந்துவிட்டது. குண்டு விழுந்து அல்ல, சாதாரணத் தீ விபத்து. ஸ்காட்லாந்துத் தாள்கள் எடின்பரோவில் இருந்ததால் தப்பித்தன. 1941ல் போர் காரணமாக சென்சஸ் எடுக்கவே இல்லை. ஆக 1921க்குப் பிறகு அடுத்தது 1951, நூறு வருஷப் பூட்டு இருப்பதால் அது 2052ல்தான் திறக்கும். இடையில் உங்களுக்கு உதவுவது 1939 ரிஜிஸ்டர் மட்டும்தான். போர் தொடங்கிய அந்த செப்டம்பர் 29ல் அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் பிறந்த தேதி முழுசாக இருக்கும். பின்னாளில் என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) அதே ஏட்டைப் பயன்படுத்தியதால், பெண்களின் பெயருக்கு மேலே திருமணத்துக்குப் பிந்தைய குடும்பப் பெயரையும் எழுதி வைத்திருப்பார்கள். உயிரோடு இருக்கக்கூடியவர்களின் வரியை மறைத்திருப்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம், தோழியின் பாட்டி வரி திறந்தே இருக்கலாம்.

போல்டன்மருமகள்:
அக்கா, பழையஏடு சார், இரண்டு பேருக்கும் ஒரு பெரிய கும்பிடு! ஜி.ஆர்.ஓ. இண்டெக்ஸில் விகன் மாவட்டம், 1872 டிசம்பர் காலாண்டு, அதே முதல் பெயர், அதே நடுப்பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் அந்த நடுப்பெயரேதான். கோடு இல்லை. அப்புறம் 1881ல் குடும்பப் பெயரை விட்டுவிட்டுத் தேடினால் போல்டனில் ஒரு வீடு, குடும்பத் தலைவர் வேறு ஏதோ பெயர், மனைவி விகனில் பிறந்தவள், மூத்த பையன் எட்டு வயசு, விகனில் பிறந்தவன், பெயருக்கு நடுவில் அந்த நடுப்பெயரின் முதலெழுத்து. அவனுக்குக் கீழே இரண்டு சின்னதுகள், இரண்டும் போல்டனில் பிறந்தவை. எனக்குக் கையெல்லாம் நடுங்குகிறது. இவன்தானா? மாமியாரிடம் சொல்லலாமா?

அவர் வேறு ஏற்கெனவே அப்பா சுரங்க விபத்தில் செத்திருப்பார், 1878ல் ஹேடாக்கில் நடந்த அந்தப் பெரிய வெடி விபத்தாக இருக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

பழையஏடு:
நல்ல வேட்டை. ஆனால் மாமியாரிடம் இன்னும் சொல்லாதீர்கள். இப்போது இருப்பது பொருத்தம்தான், ஆதாரம் அல்ல. விகனில் பிறந்த பையன் அம்மாவோடு போல்டனுக்கு வந்தான் என்பதற்கு நடுவில் ஓர் இணைப்பு வேண்டும், அது அம்மாவின் மறுமணம்.

லாங்காஷயர்பிஎம்டி என்று ஒரு தளம் இருக்கிறது, உள்ளூர்ப் பதிவு அலுவலகங்களின் இண்டெக்ஸ், ஜி.ஆர்.ஓ.வுடையதற்குத் தொடர்பில்லாமல் தனியாகத் தயாரித்தது, திருமணம் எந்தத் தேவாலயத்தில் நடந்தது என்பதும் தெரியும். இறந்த கணவரின் குடும்பப் பெயரோடு அம்மா, 1881 வீட்டுத் தலைவர், இருவரையும் 1873க்கும் 1881க்கும் நடுவில் தேடுங்கள். லாங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளத்தில் அந்தத் தேவாலயத்தின் பதிவேடு ஏறியிருந்தால் முழு விவரமும் இலவசமாகவே கிடைக்கும். இல்லையென்றால் அந்த ஒரு சான்றிதழுக்கும் விகன் பிறப்புக்கும் செலவு செய்யுங்கள், அந்த மூன்று போல்டன் பிறப்புகளை மறந்துவிடுங்கள். பழைய பிறப்புகளுக்கு ஜி.ஆர்.ஓ.வில் சான்றிதழுக்குப் பதில் டிஜிட்டல் படம் வாங்கலாம், அதிலும் அதே விவரம்தான், விலை குறைவு, உடனே பார்க்கலாம்.

ஹேடாக் விஷயம். அங்கே வுட் பிட் என்ற சுரங்கம் வெடித்தது 1878 ஜூனில், 189 பேர் என்பது அந்தக் கால எண்ணிக்கை. சுரங்கத் தொழிலாளி முன்னோர் என்றால் எல்லோருக்கும் ஒரு விபத்து வேண்டும், செய்தித்தாளில் பெயர் வந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நெஞ்சுச் சளியிலும் காய்ச்சலிலும்தான் போனார்கள். தேதியைப் பாருங்கள், அதுவே சொல்லும்.

போல்டன்மருமகள்:
தேதி சொல்லிவிட்டது. மறுமணம் 1877, போல்டனில் ஒரு தேவாலயம், பதிவேட்டு விவரம் இலவசமாகவே கிடைத்தது. மணப்பெண் விதவை. அவள் அப்பாவின் குடும்பப் பெயர் நம் ஆளின் நடுப்பெயரேதான். விகன் பிறப்புக்கு டிஜிட்டல் படமும் வாங்கிவிட்டேன், அப்பா பெயரும் சுரங்கத் தொழிலும் 1895 திருமணச் சான்றிதழோடு அப்படியே ஒத்துப்போகின்றன. பிறப்பைப் பதிந்தது அம்மா, கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. 1877லேயே விதவை என்றால் 1878 விபத்தில் அவளுடைய முதல் கணவர் எப்படிச் செத்திருக்க முடியும்? மாமியாருக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. பையன் கிடைத்தான் என்றதும் சரியாகிவிட்டது.

இனி அந்த அப்பாவைப் பிடிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்க?

லெஸ்டர்அக்கா:
முதலில் இறப்பு. 1872 கடைசியிலிருந்து 1877 வரை, விகன் மாவட்டம், ஜி.ஆர்.ஓ. இறப்பு இண்டெக்ஸ். இறந்தபோது என்ன வயது என்பது அதில் 1837லிருந்தே இருக்கிறது, அந்த வயதை வைத்து ஆளைப் பிரித்துவிடலாம். ஒருவர்தான் பொருந்துகிறார் என்றால் மட்டும் சான்றிதழ் வாங்கு. சாவுக்குக் காரணம், யார் வந்து பதிந்தார்கள் எல்லாம் அதில் தெரியும். பதிந்தது கரோனர் (இயல்பற்ற சாவை விசாரிக்கும் அதிகாரி) என்றால் அப்போது வேண்டுமானால் செய்தித்தாளைத் தேடலாம், மாமியாருக்கும் ஒரு கதை கிடைக்கும்.

பழையஏடு:
அதோடு முதல் திருமணம். 1912க்கு முந்தைய திருமண இண்டெக்ஸில் துணையின் குடும்பப் பெயர் இருக்காது, அதனால் ஃப்ரீபிஎம்டியில் இரண்டு பேரையும் தனித்தனியாகத் தேடி, தொகுதி எண்ணும் பக்க எண்ணும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சான்றிதழில் அவருடைய அப்பா பெயர் இருக்கும். அதை வைத்து 1851, 1861 இரண்டிலும் சிறுவனாக அவரைப் பிடிக்கலாம். 1841க்குப் போகும்போது மட்டும் கவனம், பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், 34 என்றால் 30. யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அதில் இல்லை.

எடின்பரோதம்பி:
போல்டன் அக்கா, மேலே போவது இருக்கட்டும், 1921ஐப் பார்த்தீர்களா? நம் ஆளுக்கு அப்போது 48 வயது, உயிரோடிருந்தால் எந்த ஆலையில் வேலை பார்த்தார் என்று முதலாளியின் பெயரோடு இருக்கும், 1911ல் அந்தக் கேள்வியே கிடையாது. சந்தா எடுக்க வேண்டாம், மான்செஸ்டர் சென்ட்ரல் லைப்ரரியில் போய் இலவசமாகப் பார்க்கலாம், போல்டனிலிருந்து ரயிலில் பக்கம்தானே. கிளம்புவதற்கு முன் கம்ப்யூட்டருக்கு முன்பதிவு வேண்டுமா என்று மட்டும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போல்டன்மருமகள்:
மாமியாரையும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமை போகிறேன். இறப்புத் தேடலில் பொருத்தமாக இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கு 26 வயது, மற்றவருக்கு 51. முதல் திருமணத்தைக் கண்டுபிடித்த பிறகே சான்றிதழுக்குப் பணம் கட்டுவேன்.