கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளா): வீட்டோரம் கார் ஷெட் போட பெர்மிட் வேணுங்களா?

கேள்வி:
வீட்டுச் சுவருக்கும் ரோட்டோர எல்லைக் கல்லுக்கும் நடுவுல 4.8 மீட்டர். தெற்கு மதில் வரைக்கும் 4.2 மீட்டர். நாலு இரும்புத் தூண் நட்டு ஷீட் போடணும். போல்ட் போட்டதுதானே, எப்ப வேணாலும் கழட்டலாம், பெர்மிட் தேவையில்லைன்னு வெல்டிங் பட்டறைல சொல்றாங்க. நம்பலாமுங்களா?

பதில்:
நம்பாதீங்க. கேரளா பஞ்சாயத்து கட்டிட விதிகள் 2019 படி, எந்தப் பொருள்ல போட்டாலும் கட்டிடம்தான். வீட்டைச் சுத்தி விட்ட முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கணும். பஞ்சாயத்து ராஜ் சட்டம் 220(பி) இன்னும் கறார்: நெடுஞ்சாலை, மாவட்ட ரோடு, பஞ்சாயத்து அறிவிச்ச ரோடு, இதையொட்டின எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள்ள கட்டக் கூடாது. தார் ஓரத்துல டேப் வைக்காதீங்க, எல்லைக் கல்லுல வைங்க. உங்க ரோடு அறிவிச்சதான்னு பஞ்சாயத்து ஓவர்சியர்கிட்ட கேளுங்க. அறிவிச்சதுன்னா மிச்சம் 1.8 மீட்டர்தான். காருக்கு 5.5 × 2.7 வேணும், முன்பக்கம் ஆகவே ஆகாது.

தெற்குப் பக்கம் 3 மீட்டர் அகலத்துல போட்டா மதிலுக்கு 1.2 மிஞ்சும். பழைய பெர்மிட் வரைபடத்துல பக்க முற்றம் அதுக்கு மேல காட்டியிருந்தா அகலத்தைக் குறைக்கணும். தூணை உள்ளே தள்ளி நட்டுட்டு ஷீட்டை மதில் வரை நீட்டுறதுதான் பலரும் மாட்டிக்கிற இடம். அளவு ஷீட் ஓரத்துக்கு, தூணுக்கு இல்லை.

கேள்வி:
தெற்குப் பக்கமே போடறேனுங்க. விண்ணப்பம் எங்கே?

பதில்:
கே-ஸ்மார்ட்ங்கற கேரள அரசு ஆன்லைன் தளத்துல, லைசென்சி (வரைபடம் போட உரிமம் வாங்கினவர்) மூலமா. ஆதாரம் (நிலப் பத்திரம்), நிலவரி ரசீது, கைவசச் சான்று (நிலம் உங்க அனுபவத்துல இருக்குங்கற சான்று), புது வரைபடம் வேணும். பெர்மிட் வர்றதுக்கு முன்னாடி குழி தோண்டாதீங்க.

இன்னொருத்தர் பதில்:
பெர்மிட் கிடைச்சாலும் அஸ்திவாரத்துல அசட்டையா இருக்காதீங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஷீட்டை அமுக்குறதைவிட மேல தூக்குறதுதான் ஆபத்து. நொடிக்கு 39 மீட்டர் காத்துன்னா சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. 3 × 5.5 கூரைக்கு முழு விசையும் மேல் நோக்கி வந்தா சுமார் 1,530 கிலோ, தூணுக்கு 380-க்கு மேல. 45 × 45 செ.மீ., 80 செ.மீ. ஆழக் கான்கிரீட் கட்டை 389 கிலோ வரும், அது அந்த விசையைவிடக் கொஞ்சம்தான் கூட. முற்றத்து டைல்ஸ்ல ஆங்கர் அடிச்சு நிறுத்தினா டைல்ஸோட பேர்ந்து வரும். கட்டைக்குள்ள 12 மி.மீ. ஜே-போல்ட் (J மாதிரி வளைஞ்ச போல்ட்) நாலு, மேல 10 மி.மீ. தகடு.

வாட்டம் 3 மீட்டருக்கு 26 செ.மீ. விடுங்க. மதில் பக்கம் பாத்தி (கூரைத் தண்ணியைப் பிடிக்கிற வாய்க்கால் தகடு) வச்சு, தண்ணியை உங்க கிணத்தோரக் குழிக்குக் கொண்டு போங்க. பாத்தியும் அந்த 3 மீட்டர் அகலத்துக்குள்ளயே அடங்கணும்.