வேக வரம்பு 120 ஆன பிறகு நெடுஞ்சாலையில் நீங்கள் கண்டது என்ன?

திரியைத் தொடங்கியவர்:

வேலைக்காக நான் அடிக்கடி போகும் நெடுஞ்சாலையில் கார்களுக்கான வேக வரம்பை மணிக்கு 100 கி.மீ.-லிருந்து 120 ஆக்கிவிட்டார்கள். மாறியது பலகை மட்டும்தான். அதே வளைவுகள், அதே தடுப்புகள், அதே இருட்டு.

முன்பு பெரும்பாலான கார்கள் 90-க்கும் 110-க்கும் நடுவில் ஓடும். இப்போது சிலர் பழைய வேகத்திலேயே போகிறார்கள், சிலர் 130-ஐத் தொடுகிறார்கள். லாரிகள் எப்போதும் போல 70, 80. எனக்குப் பயம் தருவது இந்த வித்தியாசம்தான். 80-ல் போகும் லாரியை 90-ல் முந்துகிறேன் என்று வையுங்கள். முழுதாகத் தாண்டி என் தடத்துக்குத் திரும்ப இருபது நொடிக்கு மேல் ஆகும். பின்னால் 200 மீட்டர் தள்ளி 130-ல் வரும் கார் பதினெட்டு நொடியில் என்னை எட்டிவிடும். நான் கண்ணாடியில் பார்க்கும்போது அது வெறும் புள்ளி.

அண்மையில் அப்படித்தான் நடந்தது. லாரிக்குப் பக்கவாட்டில் இருக்கிறேன், பின்னால் ஹைபீம் அடித்துக்கொண்டு ஒரு கார். அவர் பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் ஆடியதைக் கண்ணாடியில் பார்த்தேன். டிவைடரில் மோத ஓர் அடிதான் மிச்சம். லாரி ஓட்டுநர் நிலைமையைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்து எனக்கு இடம் விட்டார். அவர் யாரென்று தெரியாது. என் மனைவியும் மகளும் என் வண்டியில் இருந்தார்கள்.

சாலை நிர்வாகத்துக்கு மனு எழுதுகிறோம். கருத்தைவிட, நடந்ததை எழுதினால் உதவியாக இருக்கும்.

கனரக வண்டி ஓட்டுநர்:

தம்பி, இடம் விட்டவர் எங்களில் ஒருவர் என்பதில் சந்தோஷம். நாங்கள் அதை நாள் முழுக்கச் செய்கிறோம்.

நாற்பது டன்னோடு போகும் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. அதனால் முன்னால் நல்ல இடைவெளி விட்டு ஓட்டுவேன். அந்த இடைவெளியைப் பார்த்ததும் கார்க்காரர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். வரம்பு கூடிய பிறகு வேகமாக வந்து புகுகிறார்கள், புகுந்ததும் பிரேக் அடிக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், இரவு. லோ பீமில், அதாவது தாழ்த்திய முகப்பு விளக்கில், தெளிவாகத் தெரிவது அறுபது எழுபது மீட்டர். 120-ல் அது இரண்டு நொடி. சாலை ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் ஒரு லாரி நின்றால் அந்த இரண்டு நொடியில் என்ன செய்ய முடியும்? ஓரத்தில் நிறுத்துவது தப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் தூக்கம் கண்ணைக் கட்டும்போது ஒதுங்க இடம் வேண்டும். நான் ஓடும் வழியில் லாரி நிறுத்தும் இடம் இரவு பத்து மணிக்கே நிரம்பிவிடுகிறது. பக்கவாட்டிலும் பின்னாலும் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறேன், மழைச் சேறு படிந்தால் தினமும் துடைக்கிறேன். எல்லா முதலாளியும் அதற்குப் பணம் தருவதில்லை.

அடிக்கடி கார் ஓட்டுபவர்:

என் கருத்து வேறு. பழைய வரம்பு இருந்தபோது என் அப்பா அதை மதித்து ஓட்டுவார். பின்னால் வருகிற ஒவ்வொருவரும் ஹார்ன் அடித்து, ஒட்டிக்கொண்டு வந்து, வலதும் இடதுமாக முந்துவார்கள். சட்டத்தை மதித்தவர்தான் அந்தச் சாலையிலேயே அதிக ஆபத்தில் இருந்தார். யாரும் மதிக்காத வரம்பை வைத்திருப்பதைவிட, பெரும்பாலோர் ஓட்டும் வேகத்துக்கு அருகில் வரம்பு இருப்பது நல்லது. ஜெர்மனியின் ஆட்டோபான் என்ற விரைவுச்சாலைகளில் பல பகுதிகளில் வரம்பே கிடையாது, 130 என்பது வெறும் பரிந்துரை. அங்கே தினமும் மக்கள் ஓட்டுகிறார்களே. சாலை நன்றாக இருந்தால் 120 தவறில்லை என்பது என் எண்ணம்.

சாலை வடிவமைப்புப் பொறியாளர்:

அப்பாவுக்கு நேர்ந்தது உண்மையான பிரச்சினை. ஆனால் "சாலை நன்றாக இருந்தால்" என்று சொன்னீர்களே, எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆட்டோபானில் குறுக்குச் சாலை இல்லை, நடந்து கடப்பவர் இல்லை, இடதுபக்கம்தான் முந்த வேண்டும் (அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும்) என்ற விதி கறாராக இருக்கிறது, கனரக லாரிக்கு 80 தான். இவற்றை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துவர முடியாது.

நீங்கள் யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஓரத்தில் இருக்கும் இரும்புத் தடுப்பு எந்த வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது தெரியுமா? அமெரிக்க முறையில் நெடுஞ்சாலைத் தடுப்புக்கான வழக்கமான சோதனை, 2,270 கிலோ பிக்கப் வண்டியை 100 கி.மீ. வேகத்தில் 25 டிகிரி கோணத்தில் மோதவிடுவது. ஐரோப்பாவில் பரவலாக உள்ள ஒரு தரத்துக்கு 1,500 கிலோ கார், 110 கி.மீ., 20 டிகிரி. வரம்பை 120 ஆக்கும்போது சோதித்த எல்லையைத் தாண்டி ஓடச் சொல்கிறோம். ஒரு சாலையில் வேகம் உயர்த்துவதற்கான ஆய்வில் நான் இருந்தேன். ஒரு பாலத்தின் அருகே தடுப்பின் தொடக்க முனை, வண்டியைத் திருப்பிவிடுவதற்குப் பதிலாக உள்ளே குத்தும்படி இருந்தது. 80-ல் போனாலும் அது ஆபத்து. அறிக்கையில் எழுதினோம். அதைச் சரிசெய்வதற்கு முன்பே பலகை வந்துவிட்டது. இன்றும் அந்த வழியே போகும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நிற்கும் தூரத்தையும் பாருங்கள். காய்ந்த சாலை, நல்ல பிரேக், ஓட்டுநர் சுதாரிக்க ஒன்றரை நொடி என்று கணக்கிட்டால் 100-ல் போகும் கார் நிற்க ஏறத்தாழ 97 மீட்டர், 120-ல் 129 மீட்டர். இரண்டு கார்களும் அடுத்தடுத்த தடத்தில் ஒரே இடத்தில் தடையைப் பார்க்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் முழுதாக நின்ற இடத்தில் இரண்டாவது இன்னும் ஏறத்தாழ 75 கி.மீ. வேகத்தில் இருக்கும். இருபது கி.மீ. வித்தியாசம் மோதலில் இருபதாக இருப்பதில்லை.

ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் நில்சன் காட்டிய உறவின்படி, சராசரி வேகம் 5 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துகள் 20 சதவீதம் போல கூடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2014-ல் பல நெடுஞ்சாலைகளில் வரம்பை உயர்த்தியது; விபத்துகள் கூடியதை ஆய்வுகள் காட்டியதால் 2018-ல் பதினைந்து பகுதிகளில் மறுபடி குறைத்தது. இந்தியாவில் 2018-ல் விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120 வரை அனுமதித்த அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது.

அவசரப் பிரிவு செவிலியர்:

சார் சொன்ன கணக்கின் மறுமுனை எங்களிடம் வருகிறது. 100-க்கும் 120-க்கும் மோதலின் ஆற்றல் வித்தியாசம் 44 சதவீதம். வண்டி நின்றுவிடும், உடம்பு நின்றுவிடும், உள்ளே உறுப்புகள் நகர்ந்துகொண்டே இருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி கிழிவது அப்படித்தான்.

ஒரு பெரியவர் தன் காலால் நடந்து வந்தார். பெல்ட் போட்டிருந்தார், உயிர் தப்பியதற்கு அதுதான் காரணம். "எனக்கு ஒன்றுமில்லை அம்மா, என் மருமகளைப் பாருங்கள்" என்றார். வயிற்றின் குறுக்கே பெல்ட் தடம் சிவந்து கிடந்தது. அதைப் பார்த்து அவரைப் போக விடாமல் படுக்க வைத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. மண்ணீரலில் கசிவு. அறுவை சிகிச்சை செய்து பிழைத்தார். வேகமாக மோதிய வண்டியிலிருந்து நடந்து இறங்கியவரும் பரிசோதிக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது, பெல்ட் தடம் இருந்தால் நிச்சயமாகப் போகக் கூடாது.

மருமகள் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்தார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. தயவுசெய்து பின்சீட்டிலும் போடுங்கள், போடச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை ரோந்துப் பணியாளர்:

அக்கா எழுதியதைப் படித்த பிறகு நானும் எழுதுகிறேன். எங்கள் வேலையே சாலை ஓரத்தில் நிற்பது. சாலையில் எச்சரிக்கைக் கூம்பு வைக்கும்போது பக்கத்தில் 120-ல் வண்டி போனால் காற்று ஆளை இழுக்கும்.

டயர் வெடித்து ஒரு குடும்பம் ஓரத்தில் நின்றது. பிள்ளைகள் காருக்குள், அப்பா பின்பக்கம் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோரையும் இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏற்றிவிட்டேன். "இரண்டு நிமிஷத்தில் மாற்றிவிடுவேன்" என்று வாதாடினார். விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் அந்தக் காரின் மேல் ஏறியது. ஓட்டுநர் கண் அசந்திருக்கிறார்.

வண்டி நின்றுபோனால் அபாய விளக்கைப் போடுங்கள், போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்குங்கள், தடுப்புக்கு வெளியே போய் நின்று போன் செய்யுங்கள். வண்டி போனால் போகட்டும்.

அடிக்கடி கார் ஓட்டுபவர்:

எல்லாவற்றையும் படித்தேன். வரம்பு நடைமுறைக்கு ஒத்துவர வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் தடுப்பு விஷயம் எனக்குத் தெரியாது. முதலில் சாலையைச் சரிசெய்துவிட்டு அப்புறம் பலகையை மாற்றட்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

திரியைத் தொடங்கியவர்:

நன்றி. நூறு கிலோமீட்டருக்கு 120-ல் போனால் மிச்சமாவது பத்து நிமிடம், அதுவும் சாலை முழுக்கக் காலியாக இருந்தால். அதற்காக மற்றவர் உயிரை நான் பணயம் வைக்க மாட்டேன்.

மனுவில் இப்போதைக்கு மூன்று கோரிக்கைகள்: தடுப்புகளையும் பார்வைத் தூரத்தையும் (ஓட்டுநருக்கு முன்னால் சாலை தெரியும் தூரம்) 120-க்கு ஏற்பச் சோதித்து முடிக்கும்வரை பழைய வரம்பே இருக்க வேண்டும், மழையில் வரம்பு தானாகக் குறைய வேண்டும் (பிரான்சில் அப்படித்தான், காய்ந்திருந்தால் 130, மழையில் 110), ஒரே இடத்துக் கேமராவுக்குப் பதில் இரண்டு இடங்களுக்கு நடுவே சராசரி வேகத்தை அளக்க வேண்டும். பொறியாளர் சார், வாசகத்தை ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?

கனரக வண்டி ஓட்டுநர்:

நான்காவதாக லாரி நிறுத்துமிடத்தையும் சேருங்கள் தம்பி. எங்கெங்கே இடம் போதவில்லை என்று கிலோமீட்டர் கல்லோடு நாளைக்கு எழுதி அனுப்புகிறேன்.